மொழிபெயர்க்க வந்தவள் பேசுகிறேன்

மின்விசிறி தம் பக்கம் திரும்பவில்லையே என்ற மனவருத்தத்தை மறைத்துக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மரியாதைக்குரிய மளிகைக்கடை மாமா அவர்களே. தலைமை நிலையத்திலிருந்து தனிக் காரில் வந்திறங்கி, தமிழில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் தலையை மட்டும் தாராளமாக ஆட்டிக்கொண்டிருக்கும் நகரச் செயலாளர் அவர்களே. அவர் அருகில் வெள்ளைச் சட்டையில் வீற்றிருக்கும், நம் கட்சித் தலைவர் வீட்டு மாப்பிள்ளை அவர்களே. வேலை முடிந்த கையோடு, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்திருக்கும் என் தங்கைகளே. மடியில் ஒன்று, தோளில் ஒன்று என்று பிள்ளைகளைச் சுமந்தபடி முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே. நாற்காலி கொடுத்தாலும் வேண்டாம் என்று சுவரில் சாய்ந்து நிற்கும் பெரியவர்களே. மாடி ஜன்னல்களில் பாதி முகம் மட்டும் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் மருமகள்களே. 'கூட்டத்துக்கு வரலை, டீ குடிக்கத்தான் வந்தோம்' என்று சொல்லிக்கொண்டு எதிர்க்கடையில் கூடியிருக்கும் எதிர்க்கட்சித் தோழர்களே. உங்கள் அத்தனை பேருக்கும் அன்பும் பணிவும் கலந்த என் வணக்கம்.

என்னை இந்த மேடைக்கு ஏன் அழைத்தார்கள், தெரியுமா உங்களுக்கு? பேச அழைக்கவில்லை. மாப்பிள்ளை அவர்கள் பேசுவதை உங்களுக்குத் தமிழில் சொல்லத்தான் அழைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியத்தை என் சொந்த வாயால் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அந்த வாக்கியம் இதுதான்: 'வரும் சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் நிற்பதிலிருந்து நான் மனமுவந்து விலகிக்கொள்கிறேன்.' மனமுவந்து என்ற சொல்லை மறக்காமல் சேர்க்க வேண்டுமாம். நேற்றுத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பொறுங்கள், பொறுங்கள். அங்கே எழுந்து நிற்கிற தம்பி, உட்காருங்கள். கத்தினால் கூட்டம் கலையும். கலைந்தால் யாருக்கு லாபம்? உட்கார்ந்து கேளுங்கள்.

இந்தத் தொகுதிக்கு வேட்பாளர் யார் என்று முடிவு செய்யக் கட்சிக் கிளைகள் கூடின. நம் தமிழ்த் தெருக்களின் கிளைகள் மட்டுமல்ல, தலைமை நிலையத்தார் மொழி பேசும் தெருக்களின் கிளைகளும் கூடின. கை தூக்கிக் கேட்டார்கள். கையை எண்ணிப் பார்த்தார்கள். என் பெயரைத்தான் தலைமைக்கு அனுப்பினார்கள். போன பெயர் ஒன்று, வந்த பெயர் வேறொன்று. அனுப்பியது ஆஸ்பத்திரி ஆயாவை. வந்து சேர்ந்தது தலைவர் வீட்டு மாப்பிள்ளை. இது எந்த ஊர் நியாயம்? எந்தக் கட்சியின் சட்டம்? எந்தத் தாய் பெற்ற பிள்ளை இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பான்?

சற்று முன்னால், மேடைக்குப் பின்புறம் தையல்கடைக்காரர் நமக்காக ஒழித்துக் கொடுத்த அந்தச் சின்ன அறையில், தைக்காத துணிக் குவியலுக்கு நடுவே நின்று நகரச் செயலாளரிடம் நேராகவே கேட்டேன். அவர் மொழியில் பேசியதை நம் வீட்டுப் பேச்சில் சொல்கிறேன்.

"சொல்லலைன்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

"சொல்லிடுங்கம்மா. எதுக்குப் பிடிவாதம்? உங்களுக்கு நல்ல பதவி ஒண்ணு வச்சிருக்கோம். சிறுபான்மையோர் பிரிவுக்கு நீங்கதான் தலைவி. தனி ரூம், தனி கார்."

"நான் கேட்டது அது இல்லைங்க. சொல்லலைன்னா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நாளைக்குக் காலையில நீங்க கட்சியில இருக்க மாட்டீங்க" என்றார்.

தெளிவாகச் சொல்லிவிட்டார், அதற்கு நான் நன்றிகூடச் சொன்னேன். ஆனால் என் அருமைத் தாய்மார்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். யாரை நீக்கப் போகிறார்களோ, அவள் கையிலேயே மைக்கைக் கொடுக்கிறார்களே, ஏன்? வேறு வழியில்லை. இத்தனை காலம் நம் தெருக்களில் ஓட்டுக் கேட்ட கட்சியில், இத்தனை காலம் நம் தோளில் ஏறி உயர்ந்த கட்சியில், இத்தனை பெரிய தலைமை நிலையத்தில், 'நல்லா இருக்கீங்களா' என்று தமிழில் கேட்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. மாப்பிள்ளை பேசுவதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க என்னை விட்டால் ஆளில்லை. அதனால்தான் நான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாருங்கள், நீங்கள் கைதட்டினால் மாப்பிள்ளையும் தட்டுகிறார். தம்மைப் புகழ்ந்து பேசுகிறேன் என்று நினைக்கிறார் போலும். சிரிக்காதீர்கள், பாவம். நல்ல பிள்ளை. காரிலிருந்து இறங்கியதும் எனக்குக் கை கூப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமா, நீங்கள் நகரச் செயலாளர் காதில் எதுவும் ஓத வேண்டாம். நான் பேசியதை நானே அவர்கள் மொழியில் சொல்லத்தான் போகிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவருக்குப் புரியாத மொழியில் அவரைத் திட்டுவது என் குடும்பத்தில் வழக்கமில்லை.

நான் யார்? எங்கிருந்து வந்தேன்? நகராட்சி உறுப்பினர் ஆன பிறகும் என்னை ஆயாம்மா என்றுதான் அழைக்கிறீர்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். அரசு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன், படுக்கை விரிப்பு மாற்றினேன், நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே வந்த நம் ஆட்களிடம் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன்.

ஒரு நாள் நம் வெல்டர் அண்ணன் வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகம் கறுத்து, உதடு உலர்ந்து உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் வந்தார். அவர் மொழியில், 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டார். அந்த அளவுக்கு அண்ணனுக்கும் மொழி தெரியும். என்ன சொன்னார் தெரியுமா? எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, 'நல்லா இருக்கேங்க' என்றார். பெரிய மனிதர் விசாரிக்கிறார், அவரிடம் போய் முறையிடுவது மரியாதையா? இதுதான் அண்ணன் கணக்கு. டாக்டர் நாடி பார்த்தார், வேலை நெருக்கடி, 'சரி, வீட்டுக்குப் போங்க' என்று அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். "ஐயா, இவர் ரெண்டு மூணு நாளா சாப்பிடலை, தூங்கலை, குனிய முடியலை" என்றேன்.

டாக்டர் திகைத்துப் போனார். "நல்லா இருக்கேன்னு இவர்தானே சொன்னார்?"

"அது உங்களுக்கு மரியாதைங்க. வலியைப் பத்தி இனிமேதான் கேக்கணும்."

டாக்டர் நல்ல மனிதர். அன்றிலிருந்து நம் ஆட்கள் யார் வந்தாலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அண்ணனுக்கு அன்று மாலையே ஆபரேஷன். அதோ, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான். என்ன அண்ணே, இப்ப எப்படி இருக்கீங்க? கேட்டீர்களா, இப்போதும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறார். பரவாயில்லை, இன்று அது உண்மை.

அப்படிப் பரவியது என் பெயர். தலைவர் நம் தெருவுக்கு முதன்முதலாக ஓட்டுக் கேட்டு வந்தபோது, 'ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு ரெண்டு மொழியும் பேசுது' என்று கட்சிக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். போனேன். தலைவர் பேசினார், நான் தமிழில் சொன்னேன். அவர் ஒரு மூச்சில் சொன்னதை நான் ஒரு மூச்சில் சொன்னேன். அவர் குரல் உயர்ந்தால் என் குரலும் உயர்ந்தது. அவர் கண் கலங்கினால் என் கண்ணும் கலங்கியது. நீங்கள் அவருக்குக் கைதட்டினீர்கள். தட்ட வேண்டிய பேச்சுத்தான். எல்லா மொழிக்காரருக்கும் ஒரே மரியாதை, எல்லாத் தெருவுக்கும் ஒரே வெளிச்சம் என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் கட்சியில் சேர்ந்தேன். இன்றும் நம்புகிறேன். அந்தப் பேச்சின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை, அதைப் பேசியவருக்கு இருக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

மேடையில் மொழிபெயர்ப்பவருக்கு நாற்காலி கிடையாது. அது கட்சியின் வழக்கம். மற்றவர்கள் அமர்வார்கள், நாம் நிற்போம். நின்றேன். வெயிலில் நின்றேன், தூறலில் நின்றேன், வயிற்றில் என் மகளைச் சுமந்துகொண்டும் நின்றேன். பிறகு, கட்சி எப்போதும் தோற்கிற வார்டு ஒன்று இருந்தது. அதில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. 'ஆயாம்மாவை நிறுத்துங்க' என்றார்கள். நிறுத்தினார்கள், ஜெயித்தேன். அதிர்ஷ்டம் என்றார்கள். மறுபடியும் ஜெயித்தேன். அனுதாபம் என்றார்கள். எரியாத விளக்கு எரிந்தது, வராத பஸ் வந்தது, அடைத்துக் கிடந்த சாக்கடை ஓடியது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நகராட்சி உறுப்பினராகி முதல் மேடை ஏறினேன். அன்றும் எனக்கு நாற்காலி போடவில்லை. கேட்டேன். 'நீங்க நின்னுதானே பழக்கம்?' என்றார் ஒருவர். கீழே இறங்கி, உங்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டேன். தலைவர் பேச எழுந்தார், சொல்ல ஆளில்லை. நாற்காலி ஓடி வந்தது.

தலைமை நிலையத்தின் மாடி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான மேசை, குளிரூட்டிய அறை, தட்டில் பிஸ்கட். அங்கே ஒரு பேச்சு வழக்கம் உண்டு. அவர்கள் தெருக்காரர்களைப் பற்றிப் பேசும்போது 'மக்கள்' என்பார்கள். நம்மைப் பற்றிப் பேசும்போது என் பக்கம் திரும்பி 'உங்க ஆளுங்க' என்பார்கள். மக்களுக்குத் தண்ணீர் வேண்டும், உங்க ஆளுங்களுக்கும் தண்ணீர் வேண்டுமாமே? மக்கள் கோபமாக இருக்கிறார்கள், உங்க ஆளுங்க நம்ம பக்கம்தானே? நான் எத்தனை தடவை பொறுத்தேன். கடைசியில் ஒரு நாள் பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னோட ஆளுங்கன்னா எனக்கு ரெண்டே பேர்தான் இருக்காங்க. ஒண்ணு என் வீட்டுக்காரர், இன்னொண்ணு என் மக. மத்தவங்க எல்லாரும் மக்கள்" என்றேன். அன்று முதல் அந்த அறையில் எனக்கு 'வாயாடி' என்று பெயர்.

சரி, என்னை ஏன் மாற்றினார்கள்? இரண்டு காரணம் சொன்னார்கள். முதல் காரணம்: 'உங்க பேரைப் பார்த்தா மத்த தெருக்காரங்க ஓட்டுப் போட மாட்டாங்க.' யார் சொன்னது? மேற்குத் தெரு பேக்கரிக்காரர் இங்கே வந்திருக்கிறார். அதோ, கையில் மாவு ஒட்டியிருக்கிறது, கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் நம் இனமில்லை. கிளைக் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன். "அந்தம்மா மொழி எனக்குத் தெரியாது, ஆனா என் மொழி அந்தம்மாவுக்குத் தெரியும். தலைவர் மாப்பிள்ளைக்கு என் மொழி தெரியும், ஆனா என் தெரு எங்க இருக்குன்னு தெரியாது. நான் யார்கிட்டப் போய் சாக்கடை அடைச்சிருக்குன்னு சொல்றது?" என்று கேட்டார். அவர் தெருவே கை தூக்கியது. மக்களுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் அந்த மாடி அறையில்தான்.

துண்டுச் சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' மாமா, உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முடிக்கிறேன். ஆனால் இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அது உங்களைப் பற்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாய்மார்களே, அவர்கள் சொன்ன இரண்டாவது காரணம் என்ன தெரியுமா? 'உங்க சமூகமே சம்மதிச்சிடுச்சு' என்றார்கள். எப்போது சம்மதித்தது? யார் சம்மதித்தது? விசாரித்தேன். போன வாரம் நம் மாமாவின் கடைக்கு நகரச் செயலாளர் வந்திருக்கிறார். மாமா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். செயலாளர், 'வேட்பாளரை மாத்தலாம்னு இருக்கோம், உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?' என்று கேட்டிருக்கிறார். நம் மாமா, வியாபாரத்துக்காகக் கற்ற அவர்கள் மொழியில், என்ன சொன்னார்?

"ஒண்ணும் இல்லைங்க. உங்க இஷ்டம்."

மாமா, தலையைக் குனியாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அவர் போன பிறகு நீங்கள் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிடாமல் படுத்ததை அத்தை வந்து என்னிடம் சொன்னார்கள். அந்த வேதனையை நகரச் செயலாளர் பார்த்தாரா? அவர் கேட்டது பதில், நீங்கள் கொடுத்தது மரியாதை. வீடு தேடி வந்தவரின் முகம் வாடக்கூடாது என்று நீங்கள் சொன்ன வார்த்தை, அந்த மாடி அறைக்குப் போனபோது ஒரு சமூகத்தின் சம்மதமாக மாறிவிட்டது. அது மாமா செய்த தவறு மட்டுமா? நாம் அத்தனை பேரும் செய்கிற தவறு. முதலாளி கேட்டால் நல்லா இருக்கோம். வீட்டுக்காரர் கேட்டால் நல்லா இருக்கோம். அதிகாரி கேட்டால் நல்லா இருக்கோம். கூரை ஒழுகும்போதும் நல்லா இருக்கோம், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்கும்போதும் நல்லா இருக்கோம், உரிமையைக் கண்முன்னே உருவிக்கொண்டு போகும்போதும் ஒண்ணும் இல்லைங்க, உங்க இஷ்டம்.

போதும் என் மக்களே. மரியாதையை மனதில் வைத்துக்கொள்வோம், வலியை வாயால் சொல்வோம். நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். நீங்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்த பெயரை அழித்தார்களே, வலிக்கிறதா? கேட்கவில்லை. ஜன்னலில் நிற்கிறவர்களும் சொல்லுங்கள், வலிக்கிறதா? அந்தச் சட்டமன்றத்தில் நம் மொழி பேசும் ஒருவர்கூட இதுவரை உட்காரவில்லையே, வலிக்கிறதா? மாமா, நீங்கள்? சொல்லுங்கள் மாமா, மைக்கை உங்கள் பக்கம் பிடிக்கிறேன்.

கேட்டீர்களா? 'வலிக்குதும்மா' என்றார். நம் மாமாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வர இவ்வளவு காலம் ஆயிற்று.

நகரச் செயலாளரின் புன்னகை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. கூட்டத்தின் குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை போலும்.

என் முடிவைச் சொல்கிறேன். காலையில் என் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக், உங்கள் எல்லோருக்கும் தெரியும், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விலகுறதுன்னா விலகு. ஆனா மனமுவந்துன்னு மட்டும் சொல்லிடாத. நீ புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்தவன் நான்." மனமுவந்து என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத வாக்கியத்தைச் சொல்லவும் மாட்டேன். நான் விலகவில்லை. கிளைகள் தேர்ந்தெடுத்த வேட்பாளர் நான். நாளை வேட்புமனு கொடுக்கப் போவதும் நான். கட்சி சின்னம் கொடுத்தால் அந்தச் சின்னத்தில் நிற்பேன். மறுத்தால் சுயேச்சையாக உங்கள் பெயரில் நிற்பேன். கட்சியை விட்டு நானாகப் போகவும் மாட்டேன். இந்தக் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவர்களில் நானும் ஒருத்தி. வெளியே அனுப்ப வேண்டுமா, அனுப்பட்டும். ஆனால் என்ன குற்றம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இதே மேடையில் நின்று உங்களிடம் படித்துக் காட்டட்டும். தமிழில் படித்துக் காட்டட்டும்.

ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, அவர் மொழியில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை, எதையும் மெழுகவில்லை. நகரச் செயலாளர் எழுந்து காரை நோக்கிப் போகிறார், வழி விடுங்கள், யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச வேண்டாம். மாப்பிள்ளை எழவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கிளைகள்ல உங்களைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு எனக்கு யாருமே சொல்லலையே. இப்ப நான் இங்க என்ன பேசுறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். தம்பி, உங்கள் மனதில் இருப்பதைப் பேசுங்கள். இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்பார்கள். எனக்கு எதிராகப் பேச வேண்டுமானாலும் பேசுங்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், உங்கள் குரல் உயர்ந்தால் என் குரலும் உயர, அப்படியே தமிழில் கொடுப்பேன்.

இவ்வளவு நேரம் வெக்கையையும் கொசுவையும் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும், நகரச் செயலாளர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டியபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மைக்செட்காரருக்கும், வாய் திறந்த மாமாவுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். யாரும் எழுந்துவிடாதீர்கள். தம்பி பேசப் போகிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன்.